புகைபோக்கி இல்லாத வீடு

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில், ஒரு விவசாயக் குடும்பம் மாடுகளோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த வீடு கலையாமல் நிற்கிறது. அதன் கதையில் இந்திய அபினிக்கும் சென்னையின் முன்னாள் கவர்னர் ஒருவருக்கும் பங்கு உண்டு.

உல்லாப்பூல் துறைமுகத்திலிருந்து கிளம்பும் கப்பல் சுமார் இரண்டரை மணி நேரத்தில் லூயிஸ் தீவின் ஒரே நகரமான ஸ்டோர்னோவேயை அடைகிறது. துறைக்கு எதிர்க்கரையில் முதலில் கண்ணில் படுவது கோட்டை போன்ற ஒரு மாளிகை. கோபுரங்கள், கொத்தளங்கள், சுற்றிலும் அடர்ந்த தோப்பு. அந்தத் தோப்பை நன்றாகப் பார்த்துக்கொள்வது நல்லது. அதைத் தாண்டிவிட்டால் தீவில் மரம் என்று சொல்ல அதிகம் இல்லை. அட்லாண்டிக் காற்று எதையும் நிமிர விடுவதில்லை. மாளிகைத் தோப்புக்கே வெளியிலிருந்து கப்பலில் மண் கொண்டுவந்து கொட்டினார்கள்.

கொட்டச் செய்தவர் ஜேம்ஸ் மேத்திசன். ஸ்காட்லாந்தின் சதர்லாண்டில் பிறந்து, கல்கத்தாவில் வியாபாரம் பழகி, கான்டனுக்குப் போய் 1832இல் வில்லியம் ஜார்டினுடன் சேர்ந்து ஜார்டின் மேத்திசன் கம்பெனியைத் தொடங்கியவர். தேயிலையும் பட்டும் கம்பெனியின் கௌரவமான சரக்குகள். பணம் கொட்டியது அபினியில். பீகாரிலும் காசிப்பூர் வட்டாரத்திலும் விவசாயிகளைக் கசகசா பயிரிடவைத்துக் கிழக்கிந்தியக் கம்பெனி கல்கத்தாவில் ஏலம் விட்ட அபினி. பம்பாய் வழியாகப் போன மால்வா அபினி. சீனாவுக்கு அதைக் கடத்திச் சேர்த்த பணத்தோடு ஊர் திரும்பிய மேத்திசன், 1844இல் லூயிஸ் தீவு முழுவதையும் 1,90,000 பவுண்டுக்கு விலைக்கு வாங்கினார். நிலம், ஆறு, சதுப்பு, மீன், மான் எல்லாம் அவருடையவை. தீவில் குடியிருந்த ஆயிரக்கணக்கான விவசாயிகள் அவருடைய குத்தகைக்காரர்கள் ஆனார்கள். கங்கைக் கரை விவசாயியின் உழைப்பில் விளைந்த லாபம், அவன் கேள்விப்பட்டே இராத ஒரு தீவின் விவசாயிக்கு எஜமானனைக் கொண்டுவந்து வைத்தது.

மாளிகையை விட்டுவிட்டு மேற்கே போகிறது சாலை. பார்வஸ் சதுப்பு வெளியைக் கடக்கும்போது இருபுறமும் கருப்பும் பழுப்பும்தான். ஆங்காங்கே மண்ணை வெட்டி எடுத்த நீளமான பள்ளங்கள். ஸ்டோர்னோவேயிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சத்தில், கடலைப் பார்த்தபடி ஒற்றைத் தெருவாக நீளும் ஊர் ஆர்னல். அங்கே 42ஆம் எண் வீடுதான் நாம் தேடி வந்தது. 1880ஐ ஒட்டிக் கட்டப்பட்டதாகக் கருதப்படும் இந்த வீட்டில் 1966 வரை குடும்பம் இருந்தது. இப்போது அரசின் தொல்பொருள் பாதுகாப்பு அமைப்பு பராமரிக்கிறது. இந்த வகை வீட்டுக்குக் கருப்பு வீடு என்று பெயர். பிற்காலத்தில் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய வீடுகளை வெள்ளை வீடு என்று சொல்ல ஆரம்பித்த பிறகு, பழையதற்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

தூரத்திலிருந்து பார்த்தால் வீடு என்றே தோன்றாது. வைக்கோல் போர் ஒன்று கல் மேடைமேல் படுத்திருப்பது போல இருக்கிறது. மூலைகள் வளைந்தவை, காற்றுக்குப் பிடி கொடுக்காத வடிவம். சுவர் சாந்தில்லாமல் அடுக்கிய கல். உண்மையில் இரண்டு சுவர்கள்; இடையே மண் நிரப்பிய கனம், ஆறடி வரை. கூரை, சுவரின் உள்விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. நம் ஊர் ஓலைக் கூரையைப் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் முதல் புயலிலேயே காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். கூரைமேல் கயிறுகளைக் குறுக்கே போட்டு நுனியில் கற்களைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஜன்னல் என்று சொல்லும்படி இல்லை. புகைபோக்கியும் இல்லை.

வாசல் ஒன்றுதான். மாடும் மனிதனும் அதில்தான் நுழைய வேண்டும். உள்ளே ஒரு பக்கம் தொழுவம், மறுபக்கம் குடும்பம் வாழும் அறை, அதற்கப்பால் படுக்கை அறை. பக்கத்திலேயே ஒட்டினாற்போல் தானியக் களஞ்சியம். இப்படிப்பட்ட வீடுகளைச் சரிவான இடத்தில், தொழுவம் தாழ்ந்த பக்கம் வரும்படி கட்டுவார்கள். கழிவுநீர் வீட்டுப் பக்கம் வராமல் ஓடிவிடும். நடு அறையின் தரை நடுவில் கல் பதித்த அடுப்பு. அதில் எரிவது விறகல்ல. மரமே இல்லாத ஊரில் விறகுக்கு எங்கே போவது? சதுப்பில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செடிகொடிகள் மக்கிப் படிந்த பீட் என்ற கருமண்ணைச் செங்கல் அளவுக்கு வெட்டிக் காயவைத்து எரித்தார்கள். கூரை உத்தரத்திலிருந்து சங்கிலி தொங்குகிறது, அதில் பானை. புகை மேலே எழுந்து கூரை வழியாகக் கசிந்து வெளியேறுகிறது. பெஞ்சுகளும் முக்காலிகளும் ஏன் இவ்வளவு குட்டையாக இருக்கின்றன என்பது உட்கார்ந்தால் புரிகிறது. புகைப் படலம் தலைக்கு மேலே நிற்கிறது. எழுந்தால் கண் எரிகிறது, உட்கார்ந்தால் மூச்சு விட முடிகிறது.

அந்த நாளில் லண்டனிலிருந்தும் எடின்பரோவிலிருந்தும் வந்த கனவான்கள் பெரும்பாலும் உட்காரவில்லை. வாசலில் தலையை நுழைத்துப் பார்த்தார்கள். சாணி, புகை, இருட்டு. மனிதர்கள் மிருகங்களைப் போல வாழ்கிறார்கள், சோம்பேறிகள், நாகரிகம் எட்டாதவர்கள் என்று எழுதிவிட்டுப் போனார்கள். காலனி அதிகாரிகள் நம் கிராமங்களைப் பற்றி எழுதிய குறிப்புகளைப் படித்தவர்களுக்கு இந்த நடை புதிதாக இருக்காது.

சோம்பேறிகளின் ஒரு வருடம் எப்படிப் போனது என்று பார்க்கலாம். மே மாதத்தில் பீட் வெட்டு. ஒரு வீட்டுக்கு ஓர் ஆண்டுக்குச் சுமார் 15,000 கட்டிகள் வேண்டும். ஆண் வெட்ட, இன்னொருவர் கரையில் வீச, காய்ந்த பிறகு பெண்கள் முதுகுக்கூடையில் சுமந்து வருவார்கள். சுமந்துகொண்டே கையில் காலுறை பின்னுவார்கள். நிலம் உழ ஏரும் குதிரையும் இல்லாத வீடுகளில் காலால் மிதித்துக் குத்தும் வளைந்த கலப்பைதான். மண் ஆழமில்லாததால் இரண்டு பக்கமும் வாய்க்கால் தோண்டி, அந்த மண்ணை நடுவில் மேடாகக் குவித்து, கடற்பாசியை எருவாகப் போட்டு, பார்லியும் ஓட்ஸும் உருளைக்கிழங்கும் பயிரிட்டார்கள். இந்த மேட்டுப் பாத்திகளுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் என்ன தெரியுமா? சோம்பேறிப் படுக்கை.

கூரையிலும் பயிருக்குச் சாப்பாடு இருந்தது. ஆண்டு முழுவதும் புகை குடித்துக் கறுத்த வைக்கோலைப் பிரித்தெடுத்து வயலில் போட்டார்கள். புகைக்கரி நல்ல உரம். புகைபோக்கி வைத்தால் அந்த உரம் போச்சு. தொழுவச் சாணத்தைக் குளிர்காலம் முழுவதும் அங்கேயே சேரவிட்டு, வசந்தத்தில் மொத்தமாக அள்ளினார்கள். பல வீடுகளில் இதற்காகவே தொழுவத்தின் கடைசிச் சுவரைப் பிரித்து, பிறகு மறுபடி அடுக்குவார்கள். மாடுகளின் உடல் சூடு வீட்டுக்கு, அடுப்பின் சூடு மாடுகளுக்கு. தீவனம் குறைந்த குளிர்காலத்தின் முடிவில் மாடுகள் எழுந்து நிற்கக்கூட முடியாமல் கிடக்கும். அக்கம்பக்கத்தார் சேர்ந்து தூக்கி நிறுத்தி வெளியே கொண்டுவருவது ஹைலாண்ட்ஸ் ஊர்களில் வழக்கமான வசந்தகால வேலை.

கோடையில் மாடுகள் சதுப்பு மேய்ச்சலுக்குப் போகும். கூடவே பெண்களும் சிறுமிகளும் போய்க் குடிசை போட்டுத் தங்கிப் பால் கறந்து, வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் செய்வார்கள். முதியவர்கள் பிற்காலத்தில் மகிழ்ச்சியாக நினைவுகூர்ந்தது இந்தச் சில வாரங்களைத்தான். அப்போது ஊரில் பயிர் மாடு வாயில் படாமல் தப்பிக்கும். ஆண்கள் கிழக்குக் கரை மீன்பிடிப்புக்குப் போனார்கள். நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இளம்பெண்களும் ஹெர்ரிங் மீன் வரும் திசையில் ஊர் ஊராகப் போக ஆரம்பித்தார்கள். ஷெட்லாண்ட், விக், ஃபிரேசர்பரோ, கடைசியில் இங்கிலாந்தின் யார்மத் வரை. மூன்று பேர் ஒரு குழு. இருவர் மீனைக் கீறிக் குடலெடுக்க, ஒருத்தி உப்பிட்டுப் பீப்பாயில் அடுக்குவாள். கத்தியும் உப்பும் கையை அரிக்காமல் விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள். நிலம் சோறு போட்டது, ஓரளவு. குத்தகைக் காசு கடலிலிருந்துதான் வந்தது.

இரவில் அடுப்பை அணைப்பதில்லை. சாம்பலால் மூடி, காலையில் கிளறி எழுப்புவார்கள். மூடுவதற்கு முன் குடும்பத் தலைவர் கேலிக் மொழி பைபிளிலிருந்து வாசிப்பார். 1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளவுபட்டபோது, நிலப்பிரபுக்கள் பாதிரியாரை நியமிக்கும் முறையை எதிர்த்து வெளியேறிய சபையோடு லூயிஸ் தீவு ஏறக்குறைய முழுவதுமாகச் சேர்ந்துகொண்டது. நிலத்தில் எஜமானனுக்குப் பணிந்தவர்கள் கோயிலில் பணிய மறுத்தார்கள்.

வீட்டின் வடிவத்துக்குக் காற்றும் குளிரும் காரணம் என்றால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் நூற்றாண்டு முடியும் தறுவாயிலும் அது ஏன் மாறவில்லை? எஸ்டேட் நிர்வாகம் விதிகள் போட்டது: புகைபோக்கி வை, ஜன்னல் வை, மாட்டுக்கும் மனிதனுக்கும் நடுவே தடுப்பு வை. சுகாதார அதிகாரிகளும் சொன்னார்கள். விவசாயி அசையவில்லை.

அவனிடம் பட்டா இல்லை. ஐந்தாறு ஏக்கரோ அதற்கும் குறைவோ உள்ள குரோஃப்ட் எனப்படும் துண்டு நிலத்தை அவன் ஆண்டுக்கு ஆண்டு குத்தகைக்கு வைத்திருந்தான். குத்தகை பாக்கியே இல்லாவிட்டாலும் நோட்டீஸ் கொடுத்து வெளியேற்றலாம். நல்ல வீடு கட்டினால், சதுப்பைத் திருத்தி வயலாக்கினால், அதற்கு ஈடு கிடையாது. கூடுதல் குத்தகை வேண்டுமானால் கிடைக்கும். கல் எஸ்டேட்டுடையது, மண் எஸ்டேட்டுடையது. கடலில் மிதந்து வந்து கரை ஒதுங்கும் மரத்தில் செய்த கூரைச் சட்டங்கள் மட்டும்தான் குடியானவனுடையவை. வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் அந்தச் சட்டங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு போயின. விட்டுவிட்டுப் போனாலும் நஷ்டமில்லாத சுவர், தூக்கிக்கொண்டு போகக்கூடிய கூரை: கருப்பு வீட்டை அப்படியும் புரிந்துகொள்ளலாம்.

1846இல் உருளைக்கிழங்கு அழுகல் நோய் வந்தபோது மேத்திசன் தாராளமாகச் செலவிட்டார், அதை மறுக்க முடியாது. மாவு வாங்கிக் கொடுத்தார், சாலை போட்டார், பாரனெட் பட்டமும் பெற்றார். பிறகு கணக்குப் பார்த்தார். 1851 முதல் 1855 வரை 1,700க்கும் அதிகமானவர்களைக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பினார். கப்பல் கூலி அவருடையது. போக வேண்டியவர்களைத் தேர்ந்தெடுத்ததும் அவருடைய ஆட்கள். குத்தகை பாக்கி வைத்தவர்களுக்கு முதல் இடம்.

எஜமானனுக்கும் குடிக்கும் நடுவே நின்றவர் ஃபாக்டர் எனப்படும் காரியஸ்தர். லூயிஸ் தீவில் 1853 முதல் 1875 வரை அந்தப் பதவியில் இருந்த டானல்டு மன்றோ, அரசு வழக்கறிஞர் வேலையையும் வேறு பல பதவிகளையும் ஒருசேரக் கையில் வைத்திருந்தார். நிலத்தைப் பிடுங்கிவிடுவேன் என்பது அவர் நாவில் எப்போதும் இருந்த வாக்கியம் என்று தீவில் இன்றும் சொல்கிறார்கள். 1874இல் பெர்னரா என்ற சிறு தீவின் மக்கள், மேய்ச்சல் நிலத்தைப் பறித்துக்கொண்டு வெளியேற்ற நோட்டீஸும் அனுப்பியதால் பொறுமை இழந்தார்கள். நோட்டீஸ் கொண்டுவந்தவரின் கோட்டு கிழிந்தது. ஒருவர் கைதானதும் ஊர் ஆண்கள் திரண்டு ஸ்டோர்னோவே மாளிகைக்கே நடந்துபோனார்கள். மேத்திசன் தனக்கு எதுவும் தெரியாது என்றார். வழக்கு நடந்தது, குற்றம் சாட்டப்பட்ட மூவரும் விடுதலை ஆனார்கள். மறு ஆண்டு மன்றோவின் பதவி போயிற்று. நிலத்துக்காக ஹைலாண்ட்ஸ் விவசாயி நீதிமன்றத்தில் ஜெயித்த ஆரம்ப உதாரணங்களில் இது ஒன்று.

அடுத்த பொறி பக்கத்துத் தீவான ஸ்கையில் விழுந்தது. 1882 ஏப்ரலில் பிரேஸ் என்ற இடத்தில், மேய்ச்சல் உரிமை கேட்டுக் குத்தகை தர மறுத்தவர்களைக் கைதுசெய்ய கிளாஸ்கோவிலிருந்து ஐம்பது போலீஸ்காரர்கள் வந்தார்கள். கல்லால் அடித்தவர்களில் பெண்களே முன்னணியில் இருந்தார்கள். பத்திரிகைகள் வந்தன, நாடாளுமன்றம் பேசியது. 1883இல் அரசு ஒரு விசாரணைக் கமிஷன் அமைத்தது. தலைவர் லார்டு நேப்பியர்.

சென்னைவாசிகளுக்கு அந்தப் பெயர் தெரியும். கூவம் கடலில் கலக்கும் இடத்தில் நிற்கும் நேப்பியர் பாலத்தின் நேப்பியர் இவர்தான். திருவனந்தபுரம் நேப்பியர் மியூசியமும் இவர் பெயரில் உள்ளதே. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண கவர்னர். வந்த வருடமே அன்று மாகாணத்தில் சேர்ந்திருந்த கஞ்சம் மாவட்டத்தில் பஞ்சத்தைப் பார்த்தவர். 1872இல் மேயோ பிரபு கொலையுண்டபோது சில மாதம் தற்காலிக வைஸ்ராயாகவும் இருந்தார். அவர் ஆண்ட மாகாணத்தில் ரயத்வாரி முறை இருந்தது. தீர்வை கட்டும்வரை ரயத்தை நிலத்திலிருந்து இறக்க முடியாது. தீர்வை கொடுமையானது, பஞ்சத்திலும் விடாதது என்பதெல்லாம் வேறு கதை. ஆனால் கையில் பட்டா உண்டு. அந்த முறையைச் சென்னையில் வேரூன்ற வைத்த தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி ஒரு ஸ்காட்லாந்துக்காரர் நிலைநாட்டிய உரிமை, ஸ்காட்லாந்தின் சொந்த விவசாயிக்குக் கிடைக்கவில்லை.

1883 மே 8 அன்று பிரேஸில் கமிஷன் முதல் தடவையாகக் கூடியது. முதல் சாட்சி ஆங்கஸ் ஸ்டூவர்ட். கேலிக்கில் பேசினார். குறைகளைச் சொல்லும் முன் அவர் ஒன்று கேட்டார்: நான் இங்கே உண்மையைச் சொன்னால் நிலப்பிரபுவோ காரியஸ்தரோ என்னை வெளியேற்ற மாட்டார்கள் என்று உறுதி தர வேண்டும், அப்படி நடந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாட்சிமை தங்கிய அரசியின் கமிஷனால் அந்த உறுதியைத் தர முடியவில்லை. சட்டம் அந்த அதிகாரத்தைத் தரவில்லை. சபையில் இருந்த காரியஸ்தரையே கேட்க வேண்டியிருந்தது. அவர் சரி என்ற பிறகுதான் சாட்சி தொடர்ந்தது. ஐந்து தொகுதிகளாக வெளிவந்த விசாரணைப் பதிவில் இந்த முதல் சில நிமிடங்களே நிலைமையைச் சொல்லிவிடுகின்றன.

அந்த ஆண்டு முடியும்வரை கமிஷன் 61 இடங்களில் 775 பேரை விசாரித்தது. ஜூனில் லூயிஸ் தீவுக்கும் வந்தது. மேத்திசன் 1878இலேயே காலமாகிவிட்டார். அவர் மனைவி எஜமானியாக இருந்தார். பள்ளிக்கூடங்களிலும் தேவாலயங்களிலும் விவசாயிகள் கூடி, தாங்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் மூலம் பேசினார்கள். எந்த ஊரிலிருந்து தாத்தா விரட்டப்பட்டார், எத்தனை மாடு மேய்ந்த இடத்தில் இப்போது மான் மேய்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். எல்லாம் நினைவிலிருந்து. கமிஷனில் இருந்தவர்களில் பாதிப் பேர் நிலவுடைமைக்காரர்கள். ஆனாலும் இரண்டு பேருக்கு கேலிக் தாய்மொழி.

1884இல் வந்த அறிக்கை, விவசாயிகளின் குறைகள் உண்மை என்று ஏற்றுக்கொண்டது. ஊர்ச் சமுதாயம் பொதுவாக மேய்ச்சல் நிலம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. இதில் நேப்பியரின் இந்தியக் கிராம அனுபவம் தெரிகிறது என்று சரித்திர ஆசிரியர்கள் சிலர் சொல்வதுண்டு. ஆனால் ஆண்டுக்கு 6 பவுண்டுக்குக் குறைவாகக் குத்தகை தரும் ஏழைகளுக்கு நிலத்தில் பாதுகாப்புத் தர நேப்பியர் தயாராக இல்லை. லூயிஸ் தீவில் பெரும்பாலோர் அந்த வரம்புக்குக் கீழே இருந்தவர்கள். பாலத்துக்குப் பெயர் கொடுத்தவர் பாதி வழியில் நின்றுவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். அவரைத் தாண்டிப் போனது கிளாட்ஸ்டன் அரசு. புதிதாக வாக்குரிமை பெற்ற குரோஃப்டர்கள் 1885 தேர்தலில் தங்கள் ஆட்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். 1886 சட்டம் குத்தகை கட்டும் குரோஃப்டரை வெளியேற்றத் தடை விதித்தது. நியாயக் குத்தகை நிர்ணயிக்கத் தனி ஆணையம் அமைத்தது. செய்த மேம்பாட்டுக்கு ஈடு தந்தது. வாரிசுக்கு நிலத்தை விட்டுச்செல்லும் உரிமை தந்தது. ஆணையம் ஊர் ஊராகப் போய்க் குத்தகையைக் குறைத்தது, பழைய பாக்கியில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தது.

நிலமே இல்லாதவர்களுக்குச் சட்டம் எதுவும் தரவில்லை. உறவினர் நிலத்தில் ஓரமாகக் குடிசை போட்டிருந்தவர்கள் தீவில் ஏராளம். 1887 நவம்பரில் அவர்கள் பார்க் மான் காட்டுக்குள் புகுந்து மான்களைச் சுட்டுச் சமைத்தார்கள். 1888 ஜனவரியில் ஐக்னிஷ் பண்ணையில் மோதல் நடந்தது. ராணுவம் வந்தது, சிறைத் தண்டனை விழுந்தது. நிலப் போராட்டம் அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

சட்டத்துக்குப் பிறகு, மெதுவாகத்தான் என்றாலும், தொழுவங்கள் வீட்டிலிருந்து பிரிந்தன. ஜன்னல் வந்தது, புகைபோக்கி வந்தது. 42ஆம் எண்ணுக்கு எதிரே 39ஆம் எண் வெள்ளை வீடு. 1920களில் கட்டியது, அதையும் பார்க்கத் திறந்துவைத்திருக்கிறார்கள். தெருவில் நடந்தால் பல மனைகளில் மூன்று வீடுகள் வரிசையாக நிற்கின்றன: கூரை போய்ப் புல் முளைத்த கருப்பு வீட்டின் சுவர், அதன் பக்கத்தில் வெள்ளை வீடு, அதற்குப் பக்கத்தில் கார் நிற்கும் புதிய பங்களா. நிலத்தை விட்டு யாரும் போகவில்லை.

மாளிகையின் கதை வேறு திசையில் போயிற்று. 1918இல் சோப்பு அதிபர் லெவர்ஹ்யூம் தீவை வாங்கினார். 1923இல் ஸ்டோர்னோவே வட்டாரத்தை மக்களின் அறக்கட்டளைக்கே கொடுத்துவிட்டார். மாளிகை வளாகத்தில் 2016 முதல் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆர்னலுக்கு வடக்கே உள்ள கால்சன் எஸ்டேட்டில் 22 ஊர்களின் மக்கள் சேர்ந்து 2007இல் 56,000 ஏக்கரை வாங்கினார்கள். 1888இல் அங்கே பண்ணை வேலியை உடைத்ததற்காகக் கைதானவர்களின் பேரப்பிள்ளைகள் தரும் குத்தகை இப்போது அவர்களே தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழுவுக்குப் போகிறது.